கிட்டத்துக் கால்

மே 17

பிசியோ ஹசீனா மேடம் சொல்லித்தான் இந்த நோட்டு. வலது முட்டி வலிக்குத் தினமும் பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டுமாம். "மார்க் போடுற மாதிரி நெனச்சுக்கோங்க தம்பி. ஆனா இதுல கொறைய வாங்குனாத்தான் பாஸ்" என்றார். எத்தனை முறை ஐஸ் வைத்தேன் என்றும் எழுதச் சொன்னார். ஐஸுக்கு எனக்கென்ன பஞ்சம், வேலை பார்ப்பதே தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கத்து ஐஸ் கம்பெனியில்.

நாளை சென்னையில் கபடி லீக் ஏலம். எட்டு அணிகள். நான்கு சீசனாக முத்துநகர் சுறாக்களுக்கு ரெய்டர் நான்தான். எதிராளி கோட்டுக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புகிற வேலை. போன சீசன் கடைசி மேட்சில் முட்டி ஜவ்வு கிழிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து, எட்டு மாதம் ஓய்வு. இப்போது சரியாகிவிட்டது. எனக்கு இருபத்தொன்பது வயது. இந்த வருடம் ஆடாதவனை அடுத்த வருடம் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

ஏல மேசையில் மேனேஜர் ராபின்சன் சார் பக்கத்தில் கேப்டன் லிங்கதுரை உட்காருவான். என்னுடைய சிநேகிதன், என் தங்கை கனியின் புருஷன். நேற்று அவனிடம் ஒரே ஒரு உதவி கேட்டேன். "சார் முட்டியப் பத்திக் கேட்டா, தேறும்னு மட்டும் சொல்லு மாப்ள. வேற ஒண்ணும் வேண்டாம்." தலையை ஆட்டினான். எனக்கு அது போதும்.

முட்டி: 2. ஐஸ்: மூன்று முறை.

மே 18

கம்பெனியில் எல்லோரும் என் போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "இசக்கிமுத்து, ரெய்டர், தூத்துக்குடி" என்று ஏலக்காரர் படித்தார். திரையில் என் போட்டோ வந்தது. மீசை இல்லாத காலத்துப் போட்டோ. முத்துநகர் மேசையைக் காட்டினார்கள். ராபின்சன் சார் லிங்கத்தின் காதுக்குக் குனிந்தார். லிங்கம் வாயைத் திறந்தான், ஏதோ சொன்னான். சார் கையிலிருந்த பலகையைக் கவிழ்த்து வைத்தார்.

மற்ற ஏழு மேசையிலும் யாரும் அசையவில்லை. சொந்த ஊர்க்காரனே வேண்டாம் என்றவனை அவர்கள் எதற்கு எடுப்பார்கள்? மூன்று முறை கேட்டுவிட்டுச் சுத்தியலைத் தட்டினார்கள். விலை போகாதவன்.

அதற்குப் பிறகு நூற்றிருபது கட்டி ஐஸ் இறக்கினேன்.

முட்டி: 2.

மே 19

கனி ஆறு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

முட்டி: 2.

மே 21

லிங்கம் கம்பெனிக்கே வந்துவிட்டான். ஏலத்தில் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. நான் கொக்கியால் கட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"மச்சான், நாந்தான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"தேறாதுன்னு."

கொக்கி கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தது நான் செய்த புண்ணியம்.

"நான் ஒண்ணுதானல கேட்டேன் ஒங்கிட்ட. ஒரே ஒரு வார்த்தை."

"நீ படி எறங்குறத நான் பாத்தேன் மச்சான். பக்கவாட்டுல எறங்குத. இன்னொரு தடவ கிழிஞ்சா நீ நடக்க மாட்ட."

"என் காலு. நடந்தா நடக்கேன், தவழ்ந்தா தவழுதேன். ஒனக்கென்னல?"

"கனிக்கு நான் பதில் சொல்லணும்லா."

"கனிய எதுக்குல இழுக்க? ஒன் டீமுக்குப் புதுசா ஒரு ரெய்டர் வேணும், அதுக்கு நான் எடஞ்சல். அவ்வளவுதான?"

அவன் தண்ணீர் ஓடுகிற தரையில் செருப்போடு நின்றான். "ஒரு நாள் மேட்டுல பாப்போம் மாப்ள" என்று சொல்லி அனுப்பினேன். இனி அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதாக இல்லை. கபடி மேட் மேல் பார்ப்பதற்கு முதலில் நான் அதில் ஏற வேண்டும். அது வேறு கதை.

முட்டி: 2. நின்றுகொண்டே வேலை என்பதால் சாயங்காலம் கொஞ்சம் வீக்கம். அது ஐஸ் தண்ணீரில் நின்றதால்.

மே 30

கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். ஒன்பது நாளாக அதற்குத் தினமும் தீனி போட்டு வளர்த்திருக்கிறேன், எப்படி ஆறும்?

அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். வேறு எவனுக்கும் இவ்வளவு தெரியாது.

எதிராளி பாடி வரும்போது நாங்கள் ஏழு பேரும் கை கோத்து நிற்போம். லிங்கம் இடது கார்னர், ஓரத்து ஆள். எனக்கு ரெய்டு இல்லாத நேரத்தில் அவனுக்கு அடுத்து நான். பதினாறு வயதில், தேரிக்காட்டுச் செம்மண்ணில் ஆடும்போது, நானும் அவனும் ஒரு ஏற்பாடு செய்தோம். அவன் என் விரலை ஒரு முறை அழுத்தினால், பொறு. இரண்டு முறை அழுத்தினால், பிடி. கண்ணால் பார்த்தாலோ வாயால் சொன்னாலோ எதிராளிக்குத் தெரிந்துவிடும். விரல் தெரியாது. ஆனால் அழுத்தும்போது அவன் முழங்கை லேசாக உள்ளே வரும். பக்கத்தில் நிற்கிற எனக்கு மட்டும்தான் அது தெரியும். இப்போது எதிரில் நின்று பார்ப்பேன். எப்போது பாய்வான் என்று அவனுக்குத் தெரிகிற நேரத்தில் எனக்கும் தெரியும்.

இன்னொன்று. இரண்டு வருடம் முன்னால் சாத்தான்குளம் டோர்னமெண்டில் அவன் இடது தோள் கழன்றது. ஜெனரேட்டர் லாரிக்குப் பின்னால் படுக்க வைத்து, அக்குளில் என் குதிகாலைக் கொடுத்து இழுத்து நான்தான் போட்டேன். 'டக்' என்று உட்கார்ந்தது. "இது யாருக்கும் தெரியக் கூடாது மச்சான், கழண்ட தோளுன்னு தெரிஞ்சா என்னை எவனும் சேக்க மாட்டான்" என்று அழுதான். சத்தியம் செய்தேன். அடுத்த ஆட்டத்தில் ஒரு கையால் நான்கு பேரைப் பிடித்தான். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முட்டி: 2.

ஜூன் 9

தேரியில் ஓட்டம். ஆறாவது சுற்றில் வலது கால் மடங்கி விழுந்தேன். மண் அங்கே மேடு பள்ளம்.

முட்டி: 2.

ஜூன் 14

கனி வந்திருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், டியூட்டி முடித்து யூனிஃபார்ம் கோட்டோடு வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த ஸ்கேன் கவரை அவளே பீரோவிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இங்கன பாரு. இது ஜவ்வு. தச்சது நிக்கி. ஆனா இந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல ஒரு மெத்தை இருக்கணும். ஒனக்கு அது தேஞ்சு போச்சு. நீ டாக்டரு பேச்சை முழுசாக் கேட்டியாண்ணே?"

"கேட்டேன்."

"பொய்."

"ஒன் புருசன் சொல்லிக்குடுத்து அனுப்பினானா?"

"அவுக ஒங்கிட்ட பேசாத நாள்லேருந்து சரியாச் சாப்பிடல. அத வேணா சொல்லிட்டு வரச் சொன்னாக."

"சாப்பிடாம கெடந்தா எடை குறையும். நல்லதுதான், எண்பத்தஞ்சு கிலோவுக்கு மேல போனா மேட்டுல ஏற வுட மாட்டான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்கேனைக் கவருக்குள் வைத்து, தலையணைக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள். நான் அதைத் திரும்ப பீரோவில் வைத்தேன்.

முட்டி: 2.

ஜூன் 22

கொங்கு வேங்கைகள் கோச் தெய்வசிகாமணி சார் போன் செய்தார்! அவர்கள் ரெய்டர் ஒருவனுக்குப் பயிற்சியில் விரல் உடைந்ததாம். ஏலத்தில் மிஞ்சியவர்கள் பட்டியலைப் பார்த்திருக்கிறார்.

"ஏனுங் கண்ணு, முட்டி எப்புடி இருக்குது?"

"ரெண்டு சார்."

"ரெண்டுமா?"

"ரெண்டு முட்டியும் நல்லா இருக்கு சார்."

ஒரு வாரம் முகாமில் பார்ப்பாராம், பிடித்திருந்தால் வைத்துக்கொள்வாராம். மிஞ்சிய சரக்கென்றால் அப்படித்தான். போனை வைத்ததும் முதலில் மேட்ச் அட்டவணையைத் தேடினேன். கொங்கு வேங்கைகள், முத்துநகர் சுறாக்கள்: ஜூலை 12.

ஜூன் 24

கோயம்புத்தூர். எடை எண்பத்தொன்று. மேட் நன்றாக இருக்கிறது, சாப்பாட்டில் தேங்காய் கூடுதல். எனக்குக் கொடுத்த அறையை மாற்றிக் கேட்டேன், காற்று வரவில்லை என்று சொல்லி. புது அறையிலும் காற்று இல்லை. உட்கார்ந்து எழ நாற்காலி மாதிரிக் கழிப்பறை இருக்கிறது.

முட்டி: 2.

ஜூன் 27

பயிற்சியில் பதினான்கு ரெய்டு, பதினொன்றில் தொட்டுவிட்டுத் திரும்பினேன். தெய்வசிகாமணி சார் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் கூப்பிட்டார். சுவரில் முத்துநகர் வீரர்களின் போட்டோக்கள் வரிசையாக. லிங்கத்தின் போட்டோ மேல் விரலை வைத்தார்.

"உம்பட மாப்ளயாமா இவன்?"

"ஆமா சார்."

"நாலு வருசமா ஒருத்தனும் இவங்கிட்ட இருந்து தப்பிச்சு வர முடியறதில்ல. கணுக்காலப் புடிச்சான்னா முடிஞ்சுது. நீ கூடவே நின்னவன். ஏதாச்சும் இருக்குதா?"

விரல் அழுத்தத்தைச் சொல்லவில்லை. அது எனக்கு மட்டும். ஆனால் வாய் தானாகத் திறந்தது என்று எழுதினால் பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

"இடது தோளு சார். ஒருக்கா கழண்டுருக்கு. நான்தான் போட்டேன். கை நல்லா நீண்டு இருக்கும்போது இழுத்தா நிக்காது."

சார் குறித்துக்கொண்டார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போச்சாது உடு, ஆட்டம்னா இதெல்லாம் இருக்குந்தான்" என்றார். அவர் என்னைத் தேற்ற வேண்டிய அவசியம் இல்லை. அவன் எனக்குச் செய்ததைத்தான் நான் அவனுக்குச் செய்தேன். ஒரு வார்த்தை அவன் சொன்னான், நான் கொஞ்சம் கூடச் சொன்னேன். வட்டி.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. தேங்காய் கூடுதல்.

முட்டி: 2.

ஜூலை 2

முகாம் முடிந்தது. என்னை வைத்துக்கொண்டார்கள். ஜெர்சி எண் 31. கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, அவன் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 6

முதல் மேட்ச். மாற்று ஆளாக இறங்கி ஏழு பாயிண்ட். டி.வி.யில் 'விலை போகாத வேங்கை' என்று போட்டார்களாம். கம்பெனியில் எல்லோரும் விசில் அடித்ததாக ஃபோர்மேன் அண்ணாச்சி போனில் சொன்னார். கனியிடமிருந்து ஒன்றும் இல்லை. அவனிடமிருந்து ஒரு செய்தி: "சூப்பர் மச்சான். வலது காலை ரொம்ப ஊணாத." எவ்வளவு கொழுப்பு பாருங்கள். பதில் அனுப்பவில்லை.

ஜூலை 8

காந்திபுரத்தில் ஒரு டாக்டரிடம் போய் முட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்தேன். மஞ்சளாக நாற்பது மில்லி. எல்லாம் ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான், டீமிடம் சொல்லவில்லை. இன்னொரு ஊசியும் போட்டார். இனிமேல் போட முடியாது என்றார். இன்னும் நான்கு நாள் தாக்குப்பிடித்தால் போதும், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

முட்டி: 2.

ஜூலை 11

நாளை. இந்தத் திட்டத்தை மனதுக்குள் ஆயிரம் முறை ஓட்டிவிட்டேன்.

எதிராளியின் இடது கார்னர் எனக்கு வலது பக்கம் நிற்பான். அதனால் அவனுக்குக் கிட்டத்துக் கால் என் வலது கால். அந்தக் காலை அவன் முன்னால் தூண்டில் புழு மாதிரி நீட்டுவேன். கணுக்காலைக் கண்டால் அவனால் சும்மா இருக்க முடியாது, சின்ன வயதிலிருந்து பழக்கம். அவன் முழங்கை உள்ளே வருவதைப் பார்த்துவிடுவேன். பாய்ந்து பிடித்ததும் நான் நடுக்கோட்டுப் பக்கம் உருண்டு விழுவேன். அவன் கை நீண்டு என்னோடு வரும். இடது கை. மீதியை அந்தத் தோள் பார்த்துக்கொள்ளும்.

அவன் பிடிப்பது என் வலது காலை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. என் முட்டி முந்துகிறதா அவன் தோள் முந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

முட்டி: 2.

ஜூலை 13

நேற்று எழுதக் கை வரவில்லை. காலையில் எழுதுகிறேன், ஒவ்வொன்றாக.

மேட்ச் என் ஊரில், தூத்துக்குடியில். முத்துநகர் கூட்டம் முழுக்கத் தெரிந்த முகங்கள். டாஸுக்கு முன்னால் இரண்டு அணியும் கை கொடுக்கும்போது லிங்கம் என் கையை விடாமல் பிடித்து, "முட்டி எப்படி மச்சான்?" என்றான். "ஒனக்கு முன்னால நிக்கி, பாத்துக்கிடு" என்றேன்.

முதல் பாதியில் இரண்டு முறை கிட்டத்துக் காலைக் கொடுத்தேன். அவனுக்கு ஒரு சாண் தூரத்தில். பாயவில்லை. இரண்டு முறையும் யாரையும் தொடாமல் சும்மா திரும்பி வந்தேன். அவன் கோச் ஓரத்தில் நின்று, "பிடில! என்னத்தல பாத்துக்கிட்டு நிக்க?" என்று கத்தினார். கூட்டத்தில் யாரோ, மச்சினன் என்று விடுகிறான் என்று கூவினார்கள். நான் அவன் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கடைசி நிமிடம். முப்பது, முப்பது. எங்களுடைய முந்தைய இரண்டு ரெய்டும் வெறுமனே போயிருந்தன. அப்படிப் போனால் மூன்றாவது ரெய்டில் தொட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் பாடிப் போனவன் அவுட். தெய்வசிகாமணி சார் என்னைக் காட்டினார்.

பாடிக்கொண்டே உள்ளே போனேன். அவர்கள் பக்கத்தில் மீதி நான்கு பேர். லிங்கம், அவன் கையைப் பிடித்துக்கொண்டு என் பழைய இடத்தில் ஸ்டாலின் என்று ஒரு புதுப் பையன், நல்ல முரடன். நான் வலது காலை நீட்டினேன். ஸ்டாலின் உடம்பு முன்னால் சாய்ந்தது. நேராக என் முட்டியில் வந்து மோதத் தயாராகிவிட்டான்.

அப்போது லிங்கத்தின் முழங்கை உள்ளே வந்தது. ஒரே முறை. இரண்டாவது அழுத்தத்துக்குக் காத்திருந்தேன், வரவில்லை. பொறு என்று சொல்லியிருக்கிறான். ஸ்டாலின் நின்றான்.

யாரும் வரப் போவதில்லை என்று நான் இன்னும் ஓரடி உள்ளே போனேன். அந்த நேரத்தில் லிங்கம் கையை உதறிவிட்டுத் தனியாகப் பாய்ந்தான்.

ஒரு தப்பு செய்தான். பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்யாத தப்பு. மூக்குக்கு முன்னால் இருந்த கிட்டத்துக் காலை விட்டுவிட்டு, எட்டத்துக் காலுக்குப் பாய்ந்தான். இடது கையை முழுசாக நீட்டி, என் வலது காலைத் தாண்டி, இடது கணுக்காலைப் பிடித்தான். அவ்வளவு நீளமாகக் கை நீட்டினால் எந்தத் தோளும் நிற்காது.

நான் உருண்டேன். திட்டம் போட்டபடியே உருண்டேன். சாத்தான்குளத்தில் கேட்ட அதே சத்தம். அவன் விரல்கள் தளர்ந்தன. என் கை நடுக்கோட்டைத் தொட்டது. விசில்.

முப்பத்தொன்று, முப்பது. வென்றேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தூக்கியது நல்லதாகப் போயிற்று, அந்த நேரத்தில் என்னால் எழுந்திருக்க முடிந்திருக்காது. மேலிருந்து பார்த்தேன். லிங்கம் ஒருக்களித்துக் கிடந்தான். டாக்டர் ஓடி வந்தார். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். சத்தத்தில் கேட்கவில்லை.

இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. பழி தீர்த்தாயிற்று, சந்தோஷம் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

ஜூலை 14

கனி போன் செய்தாள். அழவில்லை. நர்ஸ்கள் அழுவதில்லை போலிருக்கிறது.

"அண்ணே, அவுக மேட்டுல கெடக்கும்போது ஒன்னப் பாத்து என்ன சொன்னாகன்னு தெரியுமா?"

"கேக்கல."

"'மச்சான், நீ போடு'ன்னு. டாக்டரு தொடுறதுக்கு முன்னால நீ வந்து போடுவேன்னு நெனச்சிருக்காக."

 

ஜூலை 16

கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்துத் தூத்துக்குடி போனேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. பக்கவாட்டில் ஏறினேன்.

தோளை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கையால் ஆரஞ்சு உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கி உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை தின்றான்.

"ஏன்ல எட்டத்துக் காலுக்குப் போன?" என்றேன்.

"கிட்டத்துக் காலு ஒடஞ்ச காலுல்லா." சாதாரணமாகச் சொன்னான், பஸ் எத்தனை மணிக்கு என்பது மாதிரி.

"ஸ்டாலினை எதுக்கு நிறுத்தின?"

"அவன் கண்ணு மண்ணு தெரியாம மோதுவான் மச்சான்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாள் வளர்த்த கோபத்தை எங்கே கொண்டு வைப்பது? "எவன்ல ஒன்ன எனக்குப் பாவம் பாக்கச் சொன்னான்?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

லிங்கம் சுளையை மென்று முடித்தான். பிறகு குரலை இறக்கி, "ஒரு உதவி மச்சான்" என்றான். "ஆகஸ்ட் மூணு அரையிறுதி. இறுக்கிக் கட்டிக்கிட்டு ஆடிருவேன். டாக்டரு பழைய அடி மாதிரி இருக்குங்காரு, நான் இதான் மொதத் தடவைன்னு சொல்லிருக்கேன். ராபின்சன் சார் ஒங்கிட்ட கேப்பாரு. மொதத் தடவதான், தேறும்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அதே வார்த்தைகள். அவனுக்கு அது ஞாபகம் இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். இருந்தது. கண்ணை எடுத்துக்கொண்டான்.

தலையை ஆட்டினேன்.

வெளியே வராந்தாவில் கனி நின்றாள். "கேட்டாகளா?" என்றாள். கேட்டான் என்றேன். "இன்னொரு தடவ கழண்டா அந்தக் கையால ஒரு கொடத்தத் தூக்க முடியாதுண்ணே" என்றாள். படியில் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். நான் பக்கவாட்டில் இறங்குவதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஜூலை 19

காலை பத்து மணிக்கு ராபின்சன் சார் போன். கோயம்புத்தூர் அறையில் காலை நாற்காலி மேல் நீட்டி ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இசக்கி, ஒரு விசயம் கேக்கணும். மறைக்காமச் சொல்லு. லிங்கத்துக்கு இதுக்கு முன்னால தோளு கழண்டுருக்கா? தேறுமா?"

"சார், அன்னைக்கு ஏலத்துல என்னப் பத்தி அவன்கிட்ட கேட்டியள்லா, அவன் என்ன சொன்னான்?" என்றேன்.

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க சார்."

"'தேறாது சார்'னு ஒத்த வார்த்தை. ஒன் பேரு முடிஞ்சதும் எந்திரிச்சு வெளிய போயிட்டான். போயிப் பாத்தா வாஷ்பேசின்ல வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கான். அதுக்கப்புறம் மூணு பேரை நான் தனியாத்தான் எடுத்தேன்."

ஐஸ் கரைந்து தொடை வழியாக ஓடியது. துடைக்கவில்லை.

தேறும் என்று சொன்னால் அவன் ஆடுவான். அந்தத் தோள் போகும், என் பழி முழுசாகும், அவனும் எனக்கு நன்றி சொல்வான். தேறாது என்று சொன்னால் அவன் இனி ஆட முடியாது, சாகும்வரை என்னை மன்னிக்க மாட்டான். எப்படிச் சொன்னாலும் அவன் கதை முடிகிறது. மே மாதத்திலிருந்து நான் கேட்ட வரம் இதுதான்.

"கழண்டுருக்கு சார். சாத்தான்குளத்துல, ரெண்டு வருசத்துக்கு முன்னால. நாந்தான் போட்டேன். தேறாது."

"பழைய கோவத்துல சொல்லுதியா, நெசமாச் சொல்லுதியா?" என்றார்.

"ரெண்டுந்தான் சார்."

போனை வைத்தேன். எழுந்து வாஷ்பேசின்வரை போக நான்கு அடி. சுவரைப் பிடித்துத்தான் போக முடிந்தது. வாந்தி வரவில்லை, வாயைக் கழுவிக்கொண்டு திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் லிங்கத்தின் பெயர் போனில் வந்தது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் தெய்வசிகாமணி சாரிடம் போய் என் முட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஜெர்சியை மடித்து மேசை மேல் வைத்தேன்.

முட்டி: 8. மே 17-லிருந்தே எட்டுதான்.